சலங்கை யாருக்குச் சொந்தம்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை தருகிறேன் என்று பெயர் கொடுத்தபோது, இயற்பியல் மாணவனாகிய நான் விண்கலத்தைப் பற்றியோ சூரிய ஆற்றலைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் எங்கள் பேராசிரியர் எதிர்பார்த்திருப்பார். நான் எழுத வந்திருப்பது நாட்டியத்தைப் பற்றி. நண்பர்கள் நகைக்க வேண்டாம். எனக்கு ஆடத் தெரியாது. தாளம் போடவும் தெரியாது. ஆனால் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் தங்கைக்கு ஆடத் தெரியும். அவளுக்கு நான் செய்த ஒரு தவறுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கான நாட்டியப் பள்ளி வசதியுள்ளவர் வீட்டுக் கூடத்து அலங்காரப் பொருளாக இருக்கக் கூடாது. நூலகத்தைப் போல, விளையாட்டுத் திடலைப் போல, அது ஊருக்குப் பொதுவாக இருக்க வேண்டும். இதை வெறும் ஆசையாகச் சொல்லவில்லை; காரணங்களோடு சொல்ல முயல்கிறேன்.

எங்கள் ஊர் கேளம்பாக்கம். காலை ஏழு மணிக்குப் பேருந்து ஏறித் திருப்போரூர் வழியாகச் செங்கற்பட்டு வந்து சேர்பவர்களில் நானும் ஒருவன். எங்கள் தாத்தா உப்பளத்தில் வேலை செய்தவர். அப்பா கட்டட வேலைக்குப் போகிறார். பழைய மாமல்லபுரம் சாலையில் வானத்தைத் தொட நிற்கும் அடுக்குமாடி வீடுகளில் அவர் கை படாத சுவர் குறைவு. அந்த வீடுகளில் ஒன்றில்தான் அம்மா பாத்திரம் துலக்குகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான்.

அம்மா வேலை செய்யும் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஒரு நாட்டிய வகுப்பு நடக்கிறது. பள்ளி விட்டதும் அம்மாவைத் தேடிப் போகும் தங்கை, கதவோரம் நின்று பார்ப்பாள். ஒருநாள் ஆசிரியை அவளை உள்ளே அழைத்து, "எங்கே, நீ பார்த்ததை ஆடிக் காட்டு" என்றாராம். அவள் தட்டடவு எட்டையும் பிசகாமல் ஆடிக் காட்டினாளாம். அந்த அம்மையார் மாதக் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்துச் சேர்த்துக்கொண்டார். அந்த நல்ல மனத்தை இங்கே சொல்லாவிட்டால் நான் நன்றி மறந்தவனாவேன்.

அதன் பிறகுதான் நாட்டியப் பள்ளிக்கும் உழவைப் போல ஒரு பருவ ஒழுங்கு உண்டு என்று எனக்குத் தெரிந்தது. விசயதசமியன்று புதுக் குழந்தைகள் சேர்வார்கள். தட்டுக்கழிக்கும் தட்டுமனைக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, பூமியைத் தொட்டு வணங்கி, முதல் அடவைத் தொடங்குவார்கள். கார்த்திகையில் கோலாட்டம் பழகுவார்கள். மார்கழி வந்துவிட்டால் கோயில்களில் திருப்பாவைக்கு ஆட்டம். சென்னைச் சபாக்களில் இசை விழா, நாட்டிய விழா. அதே வேளையில், டிசம்பர் கடைசியில் தொடங்கி, நம் மாமல்லபுரத்தில் அரசின் சுற்றுலாத் துறை இந்திய நாட்டிய விழாவை நடத்துகிறது. பொங்கலுக்குக் கும்மி. சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி. கோடை விடுமுறையில் முகாம்கள். ஆகஸ்டில் சுதந்திர நாளுக்கு நாட்டுப் பாடல்கள். பிறகு கண்ணன் பிறப்பு, நவராத்திரிக் கொலு. இவற்றுக்கு நடுவே சலங்கை பூசை, ஆண்டு விழா. சற்றுத் தேர்ந்தவர்களுக்கு அரங்கேற்றம்.

பார்க்க அழகான ஒழுங்குதான். ஆனால் எங்களைப் போன்ற வீடுகளுக்கும் ஒரு பருவ ஒழுங்கு உண்டு. தாத்தா காலத்தில் வெயில் இருந்தால் உப்பு விளையும். ஐப்பசி மழை இறங்கினால் பாத்திகள் மூழ்கி வேலை நின்றுவிடும். அப்பாவின் வேலையும் அப்படியே. அடைமழையில் சாரம் கட்டி யாரும் பூசுவதில்லை. ஆகவே ஐப்பசி தொடங்கி மார்கழி வரை எங்கள் வீட்டில் கடன் வாங்கும் காலம். நாட்டியம் கேட்கிற பருவமும் கையில் காசில்லாத பருவமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. இந்தக் கணக்கை எந்தப் பள்ளியின் ஆண்டு நாள்காட்டியிலும் யாரும் குறித்து வைத்ததில்லை.

சென்ற ஆண்டு மார்கழியில் அந்த வகுப்பின் ஆண்டு விழா சென்னையில் ஒரு மண்டபத்தில் என்று முடிவாயிற்று. தங்கை எட்டுப் பேர் ஆடும் அலாரிப்பில் முன்வரிசையில் இருந்தாள். மூன்று வாரத்துக்கு முன் அம்மாவின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. ஆடை வாடகை, ஒப்பனை, நகை, மண்டபச் செலவில் பங்கு, படம் பிடிக்கும் செலவு எல்லாம் சேர்த்து ஒரு குழந்தைக்கு 6,500 ரூபாய். அப்பாவுக்கு வேலையில்லாமல் இருபது நாள் ஆகியிருந்தது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் எனக்கு மாதந்தோறும் வந்த ஆயிரம் ரூபாயைச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார். வாய் திறந்து கேட்கவில்லை.

"நமக்கு எதுக்கும்மா இந்த டான்ஸெல்லாம்? படிக்கிற வழியப் பாக்கச் சொல்லு. நிறுத்திடு" என்று சொன்னேன். குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் என்ற தோரணையோடு சொன்னேன். தங்கை மறுபேச்சுப் பேசவில்லை. "சரிண்ணா" என்றாள். அவ்வளவுதான்.

விழா நாளன்று குழந்தைகளின் பைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். தங்கையும் போனாள். இரவு அழைத்துவர நான் போனேன். மேடைக்குப் பின்னால், பைகளுக்கும் செருப்புகளுக்கும் நடுவே, பள்ளிப் பாவாடையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். மேடையில் ஏழு பேர் அலாரிப்பு ஆடிக்கொண்டிருந்தார்கள். இவள் உதடுகள் சொற்கட்டை முணுமுணுத்தன. கழுத்தும் கண்ணும் மட்டும் அசைந்தன. கால் சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது என்று பெருவிரலால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். மேடையில் எட்டாவது இடம் காலியாகவே இருந்தது. என் சட்டைப்பையில் பணம் இருந்தது. நண்பர்களே, அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை எழுத்தில் எழுத என்னால் முடியவில்லை.

யாரையும் குறை கூற இதைச் சொல்லவில்லை. மண்டப வாடகையை ஆசிரியை தம் கையிலிருந்து கட்ட முடியாது. பெற்றோருக்குத் தங்கள் குழந்தையை நன்றாகப் பார்க்க ஆசை. குறை ஏற்பாட்டில் இருக்கிறது. ஆடத் தெரிந்த குழந்தையை ஆடவிடாமல் தடுப்பது கலையின் கடினமன்று. பட்டும் நகையும் மண்டபமும்தான். ஓராண்டு உழைப்பு ஒரு மாலைப் பொழுதின் பகட்டுக்கு அடமானமாகிவிடுகிறது.

பட்டும் பகட்டும் இல்லாவிட்டால் பரதம் ஏது என்று சிலர் கேட்கலாம். வரலாற்றைப் பாருங்கள். நாம் இன்று காணும் அலாரிப்பு, சதிசுவரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற உடன்பிறந்தோர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தவர்கள் அவர்கள். இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் இசை வேளாளர் குடும்பங்கள். பாலசரசுவதி அம்மையாரின் அரங்கேற்றம் 1925இல் நம் காஞ்சிபுரத்தில்தான், ஒரு கோயிலில் நடந்தது. அப்போது அவருக்கு வயது ஏழு. வாடகை மண்டபத்தில் அன்று, கோயிலில்!

பிறகு காலம் மாறியது. பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டமும் வந்தது. பெண்களைத் தளையிலிருந்து விடுவித்த அச்சட்டம் வரவேற்கத்தக்கதே. ஆனால் அதே காலத்தில் கலையும் கைமாறிற்று. ருக்மிணி தேவி 1935இல் அடையாற்றில் மேடையேறினார். 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். இதில் ஒரு வியப்பு: அவர் முதலில் கற்றது மேல்நாட்டு பாலே. ருஷ்ய நாட்டு நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பால் அதில் ஈடுபட்டார்; உன் நாட்டுக் கலையையும் தேடிப் பார் என்று அவருக்குச் சொன்னவரும் பாவ்லோவாவே. அதன் பின்னர்தான் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். "கௌரவக் குடும்பத்துப் பெண்கள் ஆடலாமா?" என்ற அன்றைய கேள்வியை அவர் உடைத்தெறிந்தார். நாம் போற்றுவோம். ஆனால் ஒரு கேள்வியை உடைத்த இடத்தில் இன்னொரு கேள்வி முளைத்துவிட்டது. "ஏழைக் குடும்பத்துக் குழந்தை ஆட முடியுமா?" என்பதே இன்றைய கேள்வி.

பாலே ஆடும் நாடுகளிலும் இதே கேள்வி உண்டு. கிறிஸ்துமஸ் வந்தால் அமெரிக்காவின் நகரந்தோறும் 'நட்கிராக்கர்' ஆடுகிறார்கள். 1892இல் ருஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறிய நாடகம் அது, இசை சைக்கோவ்ஸ்கி. பள்ளிக் குழந்தைகள் எலிகளாகவும் பொம்மைச் சிப்பாய்களாகவும் பெரிய கலைஞர்களோடு ஒரே மேடையில் வருகிறார்கள். நம் மார்கழியைப் போல அது அவர்களுக்கு ஒரு பருவம். அங்கும் பயிற்சிக்குப் பணம் வேண்டும். ஆனால் கியூபா என்ற சிறு தீவு வேறு வழியில் போயிற்று. அங்கே பாலே பயிற்சியை அரசே இலவசமாகத் தந்தது. ஹவானா நகரத்து ஏழை லாரி ஓட்டுநர் ஒருவரின் மகன் கார்லோஸ் அகோஸ்டா அப்படிப் பயின்றவர்தான். லண்டன் ராயல் பாலேயின் முதன்மைக் கலைஞராக உயர்ந்தார். அந்தப் பையன் திறமையோடு பிறந்திருக்கலாம். ஆனால் கதவு திறந்திருந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

கியூபா வரை போவானேன்? காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கல் என்ற சிற்றூரில் 2002 முதல் 2020 வரை கட்டைக்கூத்து குருகுலம் ஒன்று நடந்தது. கூத்துக் கலைஞர் ராஜகோபாலும், அவருடைய துணைவியார் ஹன்னா டி புருயினும் நடத்தினார்கள். கிராமத்து ஏழைப் பிள்ளைகள் அங்கே தங்கிப் பள்ளிப் பாடமும் படித்தார்கள், கூத்தும் கற்றார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிய கூத்தில் அங்கே பெண் குழந்தைகளும் கட்டை கட்டி ஆடினார்கள். நம் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே பதினெட்டு ஆண்டுகள் நடந்த ஒன்றை, முடியாது என்று யார் சொல்ல முடியும்?

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு நானே சொன்னது: "படிப்பிருக்க ஆட்டம் எதற்கு?" தங்கையின் அடவைக் கவனித்த பிறகு என் இயற்பியல் எனக்கே புதிதாகப் புரிந்தது. முழங்கால்களை வெளிப்புறமாகத் திருப்பி அரைமண்டியில் அமர்ந்தால் உடலின் ஈர்ப்பு மையம் தாழ்கிறது. அதனால்தான் அவள் தள்ளாடாமல் சுழல்கிறாள். ஒரே அடவை முதல் காலத்தில் ஒன்றாக, இரண்டாம் காலத்தில் இரண்டாக, மூன்றாம் காலத்தில் நான்காக ஆடுகிறாள். திசிரம் மூன்று, சதுசிரம் நான்கு, கண்டம் ஐந்து, மிசிரம் ஏழு, சங்கீர்ணம் ஒன்பது என்று விரல்விட்டு எண்ணுகிறாள். பின்னக் கணக்குக்கு நான் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. படிப்புக்குப் பகை ஆட்டம் என்பது படித்தவர்களாகிய நாம் கட்டிவிட்ட கதை.

இரண்டாவது மறுப்பு எங்கள் மாமாவுடையது: "ஆடுற பொண்ணுன்னு நாளைக்கு ஊரு பேசும்." பேசும் ஊர், அடுக்குமாடியில் ஆடும் பெண்ணைப் பேசுவதில்லையே! வசதியுள்ள வீட்டில் ஆடினால் கலை, குடிசையில் ஆடினால் பழி என்பது எந்த ஊர் நீதி?

மூன்றாவது மறுப்பு: "அரசு ஏற்கெனவே செய்கிறதே?" உண்மைதான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் பரதமும் ஒரு பாடம். ஐந்து வயது முதல் பதினாறு வயது வரையுள்ள சிறுவர் சிறுமியருக்கு ஜவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. இவை நல்ல வித்துகள். ஆனால் கலைத் திருவிழா போட்டி வைக்கிறது. பயிற்சி தருவது யார்? வெளியே பணம் கட்டிக் கற்ற குழந்தையும், கைப்பேசியைப் பார்த்துத் தானே கற்ற குழந்தையும் ஒரே மேடையில் நிற்கிறார்கள். பரிசு யாருக்குப் போகும் என்பதை மேடையேறும் முன்பே சொல்லிவிடலாம். இசைப்பள்ளிக்குக் காஞ்சிபுரம் வரை நாள்தோறும் போய்வர ஒன்பது வயதுக் குழந்தையால் ஆகுமா?

2019 அக்டோபரில் சீன அதிபர் வந்தபோது மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் முன்பாகக் கலாக்ஷேத்ரா கலைஞர்கள் ஆடியதை உலகமே பார்த்தது. நம் கடற்கரைக்கு நாட்டியம் புதிதன்று. ஆனால் அந்தக் கடற்கரையில் வலை உலர்த்தும் வீட்டுக் குழந்தையும், கேளம்பாக்கத்தில் கொத்தனார் வீட்டுக் குழந்தையும் பார்வையாளர் வரிசையோடு நின்றுவிட வேண்டுமா?

நான் கேட்பவை பெரியவை அல்ல. ஒன்று: பெரிய அரசுப் பள்ளிகளிலாவது வாரத்தில் இரண்டு நாள் நாட்டியமோ கூத்தோ கற்றுத்தரப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும். இசைப்பள்ளிகளில் படித்து முடித்து வேலையின்றி இருப்பவர்களுக்கு அது வாழ்வும் தரும். இரண்டு: தனியார் வகுப்புகள் ஆண்டுக்கொரு விழாவையாவது மண்டபத்தை விட்டு வெளியே, கோயில் முன்றிலிலோ பள்ளித் திடலிலோ, எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரி பயிற்சிச் சேலையில் ஆடும்படி நடத்தட்டும். மூன்று: ஆடைகளையும் சலங்கைகளையும் பொதுவில் வாங்கி வைத்து, நூலகப் புத்தகம்போல் கொடுத்து வாங்கலாம். ஒரு குழந்தைக்குச் சிறுத்த ஆடை அடுத்த குழந்தைக்குச் சரியாக இருக்கும். நான்கு: நம் கல்லூரி. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் ஊரைக் கூட்டிப் பெருக்குகிறோம், மரம் நடுகிறோம். ஒரு மாலையை அந்த ஊர்க் குழந்தைகளின் ஆட்டத்துக்கு ஒதுக்கினால் என்ன? விடுமுறை நாளில் நம் கலையரங்கத்தைச் சுற்றுப்புறக் குழந்தைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன? பேராசிரியப் பெருமக்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

இது நடக்குமா என்று ஐயப்படுவோருக்கு நான் கண்ணால் கண்டதைச் சொல்லி முடிக்கிறேன். காணும் பொங்கலன்று எங்கள் தெருவில் கோலப் போட்டிக்கும் உறியடிக்கும் போட்ட சிறு மேடையில், தங்கையை ஆடவைக்கலாமா என்று இளைஞர் மன்றத்தாரிடம் கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள். சேர்த்து வைத்திருந்த பணத்தில் சலங்கை மட்டும் வாங்கினேன். தகவலறிந்து ஆசிரியை தாமே தட்டுக்கழியோடு வந்துவிட்டார். அம்மாவின் பழைய நூற்புடைவையைக் கச்சமாகக் கட்டிக்கொண்டு, மேடைக்குப் பின்னால் அவள் முணுமுணுத்த அதே அலாரிப்பைத் தங்கை முழுதாக ஆடினாள். ஒலிபெருக்கி நடுவில் ஒருமுறை இரைந்து நின்றுபோனது. ஆசிரியை வாயால் சொற்கட்டுச் சொல்ல, அவள் நிற்காமல் ஆடினாள். தெருவே அமைதியாகப் பார்த்தது.

இளமையில் விடிய விடியத் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்த தாத்தா, திண்ணையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஆடி முடித்து வந்தவளிடம், "தாளம் தப்பல கண்ணு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அந்தத் தெருக் குழந்தைகள் பதினோரு பேர் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை அவர்களுக்குத் தட்டடவு சொல்லித் தருகிறாள். வாசல் சிறியது, அரைமண்டியில் உட்கார்ந்தால் முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. அவர்களுக்கு வேண்டியது இன்னும் கொஞ்சம் இடம். அதைத் தரவேண்டியவர்கள் நாம்.